உயிர் காக்கும் இரு கைகள்! மனிதன் திடீரென்று சுருண்டு விழுந்தால் என்ன செய்ய வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி.

புதுக்கோட்டையில் இருந்து சுமார் 16 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது, சித்தன்னவாசல். வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் ஜனங்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். குடையும் தண்ணீர்ப் பாட்டிலும் புளிசாதப் பொட்டலமுமாகக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள்.

அங்கே பாறையைக் குடைந்து செய்த அறிவர் கோவில் இருக்கிறது. அது சமணர்களின் கோவில். மண்டபத்தின் மேற்கூரையில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. வரைந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. மலை மேலே ஏழடிப்பட்டம் என்ற குகை. சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கைகள் அதில் இருக்கின்றன.

அந்தப் படுக்கைகளைப் பார்க்க வேண்டுமானால் பாறையில் ஏற வேண்டும். ஏறுகிறவர்களுக்கு மூச்சு வாங்கும்.

ஒரு குடும்பம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா, கல்லூரியில் படிக்கும் மகள், பள்ளிக்கூடத்துப் பையன். அப்பாவுக்கு வயது 52. பாதி மலையில் அவர் நிற்கிறார். நெஞ்சைத் தடவுகிறார்.

"என்னங்க?" என்று கேட்கிறாள் மனைவி.

"ஒன்றுமில்லை. காலையில் சாப்பிட்ட பூரி. வாய்வு" என்கிறார் அவர்.

இன்னும் நான்கு படி ஏறுகிறார். அப்படியே சுருண்டு விழுகிறார்!

மனைவி அலறுகிறாள். கூட்டம் கூடிவிடுகிறது. ஒருவர், "தண்ணீர் தெளியுங்கள்" என்கிறார். ஒருவர், "சோடா வாங்கி வாருங்கள்" என்கிறார். இன்னொருவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறார். ஒரு வாலிபர் 108-க்குப் போன் செய்கிறார். வண்டி புறப்பட்டுவிட்டது.

வண்டி அன்னவாசலில் இருந்து வந்தாலும் சரி, புதுக்கோட்டையில் இருந்து வந்தாலும் சரி, மலை அடிவாரத்துக்கு வந்து, ஆட்கள் மேலே ஏறி வர வேண்டும். பல நிமிஷம் ஆகும்.

ஆனால் கீழே கிடக்கிறவருக்கு அவ்வளவு நிமிஷம் கிடையாது!

இது கற்பனைதான். ஆனால் எந்த மலையிலும் நடக்கலாம். எந்தத் திருவிழாவிலும் நடக்கலாம். எல்லாவற்றையும்விட அதிகமாக, உங்கள் வீட்டிலேயே நடக்கலாம்.

அப்போது என்ன செய்ய வேண்டும்?

இரண்டும் ஒன்று அல்ல

முதலில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். "மாரடைப்பு" வேறு. "இதயம் நின்று போவது" வேறு.

இதயம் ஒரு பம்பு. மனிதனின் கை முஷ்டி அளவுதான் இருக்கும். ஆனால் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை உடம்பெங்கும் அனுப்புகிறது.

அந்த இதயத்துக்கும் ரத்தம் வேண்டும் அல்லவா? அதைக் கொண்டுவரும் குழாயில் அடைப்பு ஏற்பட்டால், அது மாரடைப்பு. தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொள்வது மாதிரி. அப்போது நெஞ்சு வலிக்கும். வியர்த்துக் கொட்டும். ஆனால் மனிதனுக்குப் பெரும்பாலும் நினைவு இருக்கும். அவன் பேசுவான்.

இதயம் நின்று போவது அப்படி அல்ல. இதயம் துடிப்பதற்கு உள்ளேயே மிகச் சிறிய மின்சாரம் ஓடுகிறது. அந்த மின்சாரம் தாறுமாறாகப் போனால் இதயம் துடிக்காது. வெறுமே நடுங்கும். அல்லது ஒரேயடியாக நின்றுவிடும். பம்பு நின்றுவிட்டது. ரத்தம் ஓடவில்லை. சில வினாடிகளில் மனிதன் நினைவிழந்து விழுந்துவிடுகிறான்.

மாரடைப்பு வந்தவருக்கு இதயம் நின்று போகலாம். வேறு காரணத்தாலும் நிற்கலாம். மின்சாரம் தாக்கினாலும் நிற்கும். தண்ணீரில் மூழ்கினாலும் நிற்கும்.

நம் அப்துல் கலாம் 2015-ம் ஆண்டு ஜூலை 27-ந் தேதி ஷில்லாங்கில் மாணவர்களுக்கு முன்னால் பேசிக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆனாலும் அவரை இழந்தோம். அவருக்கு வயது 83. இதயம் நிற்கும்போது முன்கூட்டிச் சொல்லிவிட்டு நிற்பதில்லை.

நான்கு நிமிஷம்!

ரத்தம் ஓடாவிட்டால் முதலில் சாகத் தொடங்குவது மூளை.

நான்கு நிமிஷம் வரை மூளை பொறுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு கெடத் தொடங்கும். பத்து நிமிஷம் சும்மா விட்டுவிட்டால் பிழைப்பது மிகவும் அபூர்வம். ஒவ்வொரு நிமிஷமும் தாமதிக்கத் தாமதிக்க, பிழைக்கும் வாய்ப்பு 100-க்கு 7 முதல் 10 வரை குறைந்துகொண்டே போகிறது என்று டாக்டர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

108 வண்டி தமிழ்நாட்டில் 2008-ம் ஆண்டு முதல் ஓடுகிறது. காசு வாங்குவதில்லை. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் எவ்வளவு வேகமாக வந்தாலும், நான்கு நிமிஷத்துக்குள் எல்லா ஊருக்கும் எல்லா மலைக்கும் அது வந்துவிட முடியுமா?

முடியாது.

அப்படியானால் அந்த நேரத்தில் காப்பாற்றக் கூடியவர் யார்? டாக்டர் அல்ல. நர்ஸ் அல்ல. பக்கத்தில் நிற்கிறவர்தான்!

நாய் சொல்லிக் கொடுத்த பாடம்

இதயம் நின்றுவிட்டால் நெஞ்சைக் கிழித்து, கையை உள்ளே விட்டு, இதயத்தைப் பிசைய வேண்டும் என்றுதான் ஒரு காலத்தில் டாக்டர்கள் நினைத்திருந்தார்கள். ஆபரேஷன் அறையில்தான் அதைச் செய்ய முடியும்.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்ற பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே கூவன்ஹோவன் என்பவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அவர் டாக்டர் அல்ல. மின்சார என்ஜினீயர்! மின்சாரம் தாக்கி வேலையாட்கள் சாகிறார்களே, அவர்களைப் பிழைக்க வைக்க வழி உண்டா என்று தேடினார்.

நின்ற இதயத்துக்கு மின்சார அதிர்ச்சி கொடுத்து ஒழுங்காகத் துடிக்க வைக்கும் கருவியை நாய்களிடம் சோதித்துக்கொண்டிருந்தார்கள். 1958-ம் ஆண்டு, அவருடன் வேலை செய்த நிக்கர்பாக்கர் என்ற வாலிபர் ஓர் ஆச்சரியத்தைக் கவனித்தார். கனமான கருவியை நாயின் நெஞ்சில் வைத்து அழுத்தியபோதே, மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே, நாயின் ரத்த அழுத்தம் சற்று உயர்ந்தது!

அழுத்தினாலே ரத்தம் ஓடுகிறது! அப்படியானால் திரும்பத் திரும்ப அழுத்தினால்?

ஜூட் என்ற டாக்டரும் சேர்ந்துகொண்டார். மனிதர்களிடமும் இந்த முறையைக் கையாண்டார்கள். 1960-ம் ஆண்டு ஜூலை மாதம் மூவரும் உலகத்துக்கு அறிவித்தார்கள். எங்கும், யாரும் இதைச் செய்யலாம்; இரண்டு கைகள் இருந்தால் போதும் என்பதுதான் அவர்கள் சொன்ன செய்தி.

அதே காலத்தில் பீட்டர் சேஃபர் என்ற டாக்டர், வாயோடு வாய் வைத்து ஊதி மூச்சுக் கொடுக்கும் முறையைச் சோதித்து நிரூபித்தார். இரண்டும் சேர்ந்ததுதான் இன்று "சி.பி.ஆர்." என்று சொல்லப்படும் உயிர் காக்கும் முதலுதவி.

மகள் என்ன செய்தாள்?

இப்போது மறுபடியும் மலைக்கு வருவோம்.

அப்பா கிடக்கிறார். கூட்டம் நிற்கிறது. ஆனால் அந்தக் கல்லூரிப் பெண் ஒரு நாள் கல்லூரியில் நடந்த முதலுதவிப் பயிற்சிக்குப் போயிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் அழவில்லை. முழங்காலிட்டு உட்காருகிறாள்.

முதலாவது: பார். இரு தோளையும் தட்டி, "அப்பா! அப்பா!" என்று உரக்கக் கூப்பிடுகிறாள். பதில் இல்லை. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறாள். பத்து வினாடிக்கு மேல் பார்க்கவில்லை. மூச்சு இல்லை. இடையிடையே வாயைத் திறந்து ஒரு விக்கல் போல இழுக்கிறார். அவ்வளவுதான்.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். "மூச்சு இருக்கிறது, மூச்சு இருக்கிறது" என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். மீன் தரையில் வாயைத் திறப்பது போன்ற அந்த இழுப்பு மூச்சு அல்ல! இதயம் நின்றவர்களில் பலருக்கு முதல் சில நிமிஷம் அப்படித்தான் இழுக்கும். சிலருக்குக் கை கால் சிறிது வெட்டி இழுக்கும். அதை வலிப்பு என்று நினைத்துச் சாவியைக் கொடுப்பதில் பயன் இல்லை.

நாடி பார்க்க வேண்டுமா? வேண்டாம். பழக்கம் இல்லாதவர்களுக்கு அது பிடிபடாது. நேரம் போகும். கூப்பிட்டால் பதில் இல்லை, ஒழுங்கான மூச்சும் இல்லை என்றால் போதும். இதயம் நின்றதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது: கூப்பிடு. "தம்பி! 108-க்குப் போன் செய். சத்தமாக வைத்து என் பக்கத்தில் வை" என்கிறாள். கூட்டத்தைப் பார்த்து, "யாராவது போன் செய்யுங்கள்" என்று சொன்னால் ஒருவரும் செய்யாமல் போகலாம். ஒருவரைக் கை காட்டிச் சொல்ல வேண்டும். எந்த இடம், எந்தப் பக்கம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒருவரை அடிவாரத்துக்கு அனுப்பி, வருகிற வண்டிக்கு வழி காட்டச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது: அழுத்து. அப்பாவைச் சமமான பாறையில் மல்லாந்து படுக்க வைக்கிறாள். நெஞ்சின் நடுவே, இரு மார்புக்கும் மத்தியில், நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைக்கிறாள். அதன் மேல் இன்னொரு கையை வைத்து விரல்களைக் கோத்துக்கொள்கிறாள். முழங்கையை மடக்கவில்லை. தோள் நேரே கைக்கு மேலே இருக்கிறது. உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்துகிறாள்.

ஒன்று! இரண்டு! மூன்று!

எவ்வளவு ஆழம்? எவ்வளவு வேகம்?

பெரியவர்களுக்கு நெஞ்சு 5 சென்டிமீட்டர் கீழே போக வேண்டும். அதாவது 2 அங்குலம். ஏறக்குறைய ஒரு தீப்பெட்டியின் நீளம். 6 சென்டிமீட்டருக்கு மேல் போக வேண்டாம்.

நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். அதாவது ஒரு வினாடிக்கு இரண்டு தடவைக்குச் சற்றுக் குறைவு. வாய் விட்டு எண்ணிக்கொண்டே அழுத்தினால் வேகம் தப்பாது.

ஒவ்வொரு தடவையும் அழுத்தியபின் நெஞ்சு பழையபடி முழுவதும் மேலே வரவேண்டும். அப்போதுதான் இதயத்துக்குள் ரத்தம் நிரம்பும். அடுத்த அழுத்தலில் அது வெளியே போகும். கையால் அடிக்கும் தண்ணீர்ப் பம்பைப் பார்த்திருக்கிறீர்கள். கைப்பிடி மேலே போனால்தானே அடுத்த அடியில் தண்ணீர் வரும்? அதே கதைதான்.

நிறுத்தக் கூடாது. "கண் விழித்தாரா?" என்று நொடிக்கொரு தரம் நிறுத்திப் பார்க்கக் கூடாது. நிறுத்தினால் ரத்தம் நின்றுவிடும்.

இது சுலபமான வேலை அல்ல. இரண்டு நிமிஷத்தில் கை ஓய்ந்துவிடும். அதனால் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் ஆள் மாற வேண்டும். வண்டி வர 20 நிமிஷம் ஆகுமானால் 2,000 தடவைக்கு மேல் அழுத்த வேண்டும்! கூட்டம் வேடிக்கை பார்க்க அல்ல. மாற்றி மாற்றி அழுத்தத்தான் கூட்டம் வேண்டும்.

வீட்டில் கட்டிலில் ஒருவர் நினைவிழந்து மூச்சில்லாமல் கிடந்தால், தரையில் இறக்கிக்கொள்ளுங்கள். மெத்தை மேல் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். நெஞ்சு அமுங்காது.

வாயில் ஊத வேண்டுமா?

பயிற்சி பெற்றவர்கள் 30 தடவை அழுத்திவிட்டு 2 தடவை வாயில் ஊதுவார்கள். தலையைப் பின்னால் சாய்த்து, மோவாயைத் தூக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு எழும்பும்படி ஊத வேண்டும்.

பழக்கம் இல்லையா? தயக்கமா? ஊத வேண்டாம். அழுத்தினால் மட்டும் போதும். திடீரென்று விழுந்த பெரியவரின் ரத்தத்தில் சில நிமிஷத்துக்கு வேண்டிய பிராணவாயு மிச்சம் இருக்கும். அதை மூளைக்கு ஓட்டிக்கொண்டிருப்பதுதான் அவசரம். நம் நாட்டு மயக்க மருந்து டாக்டர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். பொதுஜனங்களுக்காக, நெஞ்சை அழுத்தும் முறை ஒன்றை மட்டும் வைத்து, 2017-ம் ஆண்டு அவர்கள் வழிமுறை வகுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

குழந்தைக்கும் மூழ்கியவருக்கும்

கண்மாயிலோ, ஊருணியிலோ, கிணற்றிலோ மூழ்கியவருக்கும், சிறு பிள்ளைகளுக்கும் மூச்சு மிகவும் முக்கியம். அவர்களுக்கு மூச்சு அடைத்துத்தான் இதயம் நிற்கிறது. ஆகவே தெரிந்தவர்கள் முதலில் மூச்சுக் கொடுத்து, பிறகு அழுத்த வேண்டும். ஊதத் தெரியாதவர்கள் சும்மா இராமல் அழுத்தவாவது வேண்டும்.

மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நம் ஊரில் பழக்கம். அது தப்பு! நேரம் வீணாகும். வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குப் போய்விடும்.

ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு, அதன் உடம்புக்குத் தகுந்தபடி ஒரு கையாலோ இரு கையாலோ சுமார் 5 சென்டிமீட்டர் அழுத்தலாம். கைக்குழந்தையாக இருந்தால், இரு கையாலும் உடம்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு இரண்டு கட்டை விரலால் நெஞ்சின் நடுவே சுமார் 4 சென்டிமீட்டர் அழுத்த வேண்டும்.

வயல் மோட்டாரில் மின்சாரம் தாக்கி ஒருவர் விழுந்தால் ஓடிப்போய்த் தொட்டுவிடாதீர்கள்! உங்களுக்கும் ஆபத்து. முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். அப்புறம் அவரிடம் போங்கள்.

நான்கு பயம்

"விலா எலும்பு முறிந்துவிடாதா?" முறியலாம். சரியாக அழுத்தும்போதே சில சமயம் முறியும். ஆனால் முறிந்த எலும்பு சில வாரத்தில் கூடிவிடும். போன உயிர் கூடாது.

"உண்மையில் இதயம் நிற்காமல் இருந்தால்?" அழுத்தும்போது அவர் அசைவார், முனகுவார், கையைத் தள்ளுவார். உடனே நிறுத்திவிட வேண்டியதுதான். நின்ற இதயத்தை அழுத்தாமல் விடுவதுதான் பெரிய ஆபத்து.

"பெண்ணாக இருந்தால் எப்படித் தொடுவது?" பல இடங்களில் பெண்களுக்கு இந்த உதவி கிடைக்காமல் போவதற்கு இந்தக் கூச்சமும் ஒரு காரணம். கை வைப்பது நெஞ்செலும்பின் மேல். அழுத்துவதற்குத் துணியை விலக்க வேண்டியதில்லை. அவள் ஒருவருக்குத் தாய். ஒரு வீட்டுக்கு விளக்கு. கூச்சத்துக்கு அது நேரம் அல்ல.

"போலீஸ், கோர்ட்டு என்று அலைய வைப்பார்களோ?" சாலை விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவியவரை, 2019-ம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாக்கிறது. பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

செய்யக் கூடாதவை

நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ, சோடாவோ, காப்பியோ ஊற்றாதீர்கள். அது மூச்சுக் குழாய்க்குள் போய்விடும்.

உட்கார வைக்காதீர்கள்.

"இதயம் நிற்கும்போது வேகமாக இருமினால் பிழைத்துக்கொள்ளலாம்" என்று செல்போனில் ஒரு செய்தி சுற்றுகிறது. நம்பாதீர்கள். இதயம் நின்றவருக்குச் சில வினாடியில் நினைவு போய்விடும். அவர் எப்படி இருமுவார்?

நினைவு இல்லை, ஆனால் ஒழுங்காக மூச்சு வருகிறது என்றால் அழுத்த வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

பேசும் பெட்டி

அழுத்துவதால் மட்டும் இதயம் பெரும்பாலும் தானாகத் துடிக்கத் தொடங்குவதில்லை. அழுத்துவது, மூளையைச் சாகாமல் காத்து நேரம் வாங்கித் தருகிறது. தாறுமாறாக நடுங்கும் இதயத்தைச் சரிப்படுத்துவது மின்சார அதிர்ச்சி.

அதற்கு ஒரு பெட்டி இருக்கிறது. பெரிய விமான நிலையங்களில் சுவரில் மாட்டி வைத்திருப்பார்கள். திறந்தால் அது பேசும்! எங்கே ஒட்ட வேண்டும், எப்போது பொத்தானை அழுத்த வேண்டும் என்று அதுவே சொல்லும். தேவை இல்லாதவருக்கு அது மின்சாரம் கொடுக்காது. அத்தகைய பெட்டி பக்கத்தில் இருந்தால் ஓடிப்போய்க் கொண்டுவாருங்கள். அதுவரை அழுத்துவதை நிறுத்தாதீர்கள்.

மைதானத்தில் விழுந்த வீரர்

2021-ம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி. டென்மார்க் நாட்டின் தலைநகரான கோபன்ஹேகன். டென்மார்க்குக்கும் பின்லாந்துக்கும் கால்பந்துப் போட்டி. கிறிஸ்டியன் எரிக்சன் என்ற வீரருக்கு வயது 29. தேகக்கட்டு மிக்கவர். முதல் பாதி முடிய இருந்த நேரத்தில் அவர் மைதானத்திலேயே சுருண்டு விழுந்தார். பந்து காலில் பட்டு உருண்டது. அவர் எழுந்திருக்கவில்லை.

இதயம் நின்றுவிட்டது!

சக வீரர்கள் ஓடினார்கள். சுற்றி நின்று மறைத்துக்கொண்டார்கள். டாக்டர்கள் நெஞ்சை அழுத்தினார்கள். மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள். மைதானத்தை விட்டுத் தூக்கிப் போகும்போது எரிக்சனுக்கு நினைவு திரும்பிவிட்டது! எட்டு மாதத்தில் அவர் மறுபடியும் பந்தாட வந்தார். 2024-ம் ஆண்டு ஐரோப்பியப் போட்டியில் தம் நாட்டுக்காகக் கோலும் அடித்தார்.

அது பெரிய மைதானம். டாக்டர்கள் தயாராக இருந்தார்கள் என்று நீங்கள் சொல்லலாம். அதே டென்மார்க்கில் சாதாரண ஜனங்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கேளுங்கள்.

2001-ம் ஆண்டு அங்கே ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்றவர்களில் 100-க்கு 21 பேருக்குத்தான் பக்கத்தில் இருந்தவர்கள் நெஞ்சை அழுத்தினார்கள். பிறகு நாடு முழுவதும் கற்றுக்கொடுத்தார்கள். 2005-ம் ஆண்டு பள்ளிக்கூடங்களில் இதைக் கட்டாயப் பாடமாக்கினார்கள். 2010-ம் ஆண்டில் 100-க்கு 45 பேருக்கு உதவி கிடைத்தது. ஒரு மாதம் தாண்டிப் பிழைத்திருந்தவர்களின் தொகை மூன்று மடங்கானது.

எல்லோரும் பிழைத்துவிடவில்லை. நூற்றுக்கு 11 பேர்தான் பிழைத்தார்கள். ஆனால் முன்பு அது 3 அல்லது 4 பேர். அந்த ஏழு பேரில் ஒருவர் உங்கள் வீட்டுக்காரராக இருந்தால்?

வலி வரும்போதே போங்கள்

விழுந்த பிறகு காப்பாற்றுவதைவிட, விழும் முன்னே காப்பாற்றுவது எளிது.

சித்தன்னவாசல் அப்பா என்ன சொன்னார்? "வாய்வு" என்றார்! நெஞ்சு வலித்தால் ஓமத் தண்ணீரும், சுக்குக் கஷாயமும், சோடாவும் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறவர்கள் எத்தனையோ பேர்.

நெஞ்சில் பாறாங்கல்லை வைத்தது போன்ற பாரம், இடது கைக்கோ தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் இவை மாரடைப்பின் அறிகுறிகள். பெண்களுக்கும், சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பும் மூச்சுத் திணறலுமாகவும் வரலாம்.

நடக்க வேண்டாம். மாடிப்படி ஏற வேண்டாம். தானே வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். கிராமத்து ஜனங்களுக்காகத் தமிழ்நாடு அரசு 2023-ம் ஆண்டு "இதயம் காப்போம்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதுதான் அந்தத் திட்டம்.

சைக்கிள் கற்ற ஊர்

"இதெல்லாம் படித்தவர்களுக்கு. நமக்கு எங்கே வரும்?" என்று நினைக்கிறீர்களா?

புதுக்கோட்டை மாவட்டத்தின் கதையைக் கேளுங்கள்.

1991-ம் ஆண்டு அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். வயல் வேலைக்கும் கல் குவாரி வேலைக்கும் போகும் பெண்கள், இரவில் அரிக்கன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து எழுத்துக் கற்றார்கள். எழுத்தோடு இன்னொன்றையும் கற்றார்கள். சைக்கிள்!

பெண் சைக்கிள் விடுவதா என்று கேலி செய்தார்கள். அவர்கள் கேட்கவில்லை. விழுந்தார்கள். எழுந்தார்கள். மறுபடியும் ஏறினார்கள். 1992-ம் ஆண்டு மகளிர் தினத்தன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிள் ஊர்வலம் போனார்கள். ஊரே அசந்து நின்றது!

சைக்கிள் விடுவதைவிட நெஞ்சை அழுத்துவது கஷ்டமா? இல்லை. ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். செஞ்சிலுவைச் சங்கம் கற்றுத் தருகிறது. டாக்டர்களின் சங்கங்கள் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் முகாம் நடத்துகின்றன. அங்கே பயிற்சிக்கென்று செய்த பொம்மை இருக்கும். அதன் நெஞ்சை அழுத்திப் பழகலாம். உயிருள்ள மனிதர் மேல் மட்டும் விளையாட்டுக்குக்கூட அழுத்திப் பார்க்கக் கூடாது. வீட்டில் பழக ஒரு கெட்டியான தலையணை போதும்.

குறிப்பாகப் பெண்கள் இதைக் கற்க வேண்டும். ஏன் தெரியுமா? இதயம் நின்று விழுகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டில்தான் விழுகிறார்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பது மனைவி. அல்லது மகள். அல்லது மருமகள். காப்பாற்றப்படுகிறவர் யாரோ வழிப்போக்கர் அல்ல. உங்கள் சொந்தக்காரர்!

மலை அடிவாரத்தில்...

சித்தன்னவாசல் அப்பா என்ன ஆனார்?

மகள் அழுத்தினாள். கை ஓய்ந்ததும் போன் செய்த வாலிபர் மாறிக்கொண்டார். அவருக்குப் பின் ஒரு லாரி டிரைவர். அவருக்குப் பின் மறுபடியும் மகள். அம்மாதான் எண்ணினாள். அழுதுகொண்டே எண்ணினாள். 108 ஆட்கள் பெட்டியோடு ஏறி வந்தபோது அந்த நெஞ்சு ஒரு நிமிஷமும் சும்மா இருக்கவில்லை. பிறகு மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள். ஸ்டிரெச்சரில் ஏற்றிக் கீழே கொண்டுபோனார்கள்.

கற்பனைக் கதை ஆனதால் அவர் பிழைத்தார் என்று எழுதிவிடலாம். உண்மையில் சிலர் பிழைப்பார்கள். பலர் பிழைக்க மாட்டார்கள். ஆனால் ஒன்று நிச்சயம். அந்த மகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் அவருக்கு வழியே இருந்திருக்காது. அவள் அழுத்தியதால் வழி இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சித்தன்னவாசல் போகலாம். தாமரைக் குளத்தைப் பாருங்கள். கல் படுக்கைகளைப் பாருங்கள். வெயிலுக்கு முன்னே ஏறுங்கள். நெஞ்சு வலித்தால் உட்காருங்கள், உதவியைக் கூப்பிடுங்கள்.

போவதற்கு முன் இன்று சாயங்காலம் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தலையணையைத் தரையில் போடுங்கள். வீட்டில் எல்லோரையும் கூப்பிடுங்கள். பார், கூப்பிடு, அழுத்து. இந்த மூன்று சொல்லையும் பிள்ளைகளைச் சொல்ல வையுங்கள். ஒவ்வொருவராக இரண்டு நிமிஷம் அழுத்திப் பாருங்கள்.

கை வலிக்கும். வலிக்கட்டும். அந்தக் கைகள் ஒரு நாள் உங்கள் உயிரையே காப்பாற்றலாம்!